எந்த வீட்டுப் பிள்ளை?

கைப்பேசியில் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் பின்னால் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. ஒலி அதில் இல்லை. நிகழ்ச்சியின் பெயர் என்ன, அதில் எத்தனை பகுதிகள், ஒவ்வொன்றின் தலைப்பு என்ன, என்றைக்கு வெளியானது, ஒலிக்கோப்பு எந்த முகவரியில் கிடைக்கும் என்ற விவரங்கள் மட்டும்தான் இருக்கும். இதை ஆர்எஸ்எஸ் ஓடை என்பார்கள். அதை எழுதும் முறைக்குப் பெயர் எக்ஸ்எம்எல். 1998 பிப்ரவரியில் தரமாக அறிவிக்கப்பட்டது. கணினி உலகில் அவ்வளவு வயதானவை பெரும்பாலும் ஓய்வு பெற்றுவிட்டன. இது இன்னும் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்த வாரம் அந்தக் கோப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வானொலிக்காரிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருங்கள். ஒரு குடும்பம் தங்கள் அப்பாவின் குரலைத் தேடி வந்து, வேறொருவரின் அப்பாவைக் கேட்டுவிட்டுப் போன கதை இதில் இருக்கிறது.

முதலில் கோப்பு எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். எக்ஸ்எம்எல்லில் ஒரு நல்ல விஷயம், குறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். பாட்காஸ்ட் செயலிகள் ஆங்கிலப் பெயர்களைத்தான் எதிர்பார்க்கும் என்பதால் நடைமுறையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பத்திரிகையில் அச்சிட எனக்கு அது வசதி. தலைப்புகளை மாற்றி, சுருக்கித் தருகிறேன்:

<அலைவரிசை>
  <தலைப்பு>தோட்டத்துக் குரல்கள்</தலைப்பு>
  <படம்>
    <தலைப்பு>நிகழ்ச்சிச் சின்னம்</தலைப்பு>
  </படம்>
  <பகுதி>
    <தலைப்பு>பால்மரம் வெட்டிய காலம்</தலைப்பு>
    <ஒலி முகவரி="01"/>
  </பகுதி>
  <பகுதி>
    <தலைப்பு>சயாமுக்குப் போனவர்</தலைப்பு>
    <ஒலி முகவரி="02"/>
  </பகுதி>
</அலைவரிசை>

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டிபன் கேரியர் மாதிரி தெரிகிறது இல்லையா? கணினிக்காரர்கள் இதைக் குடும்ப மரமாகப் பார்க்கிறார்கள். 'அலைவரிசை' பெற்றோர். அதன் பிள்ளைகள் ஒரு தலைப்பு, ஒரு படம், இரண்டு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு பிள்ளைகள். மரத்தில் உள்ள எதையும் பொதுவாகக் கணு என்பார்கள். நிரல் எழுதுகிறவர் இந்த மரத்தில் ஏறி இறங்கத்தான் உறவுமுறைச் சொற்கள் இருக்கின்றன: பேரண்ட் நோட், சைல்டு நோட்ஸ், ஃபர்ஸ்ட் சைல்டு, நெக்ஸ்ட் சிப்ளிங், பிரீவியஸ் சிப்ளிங். இவை 1998 அக்டோபரில் வந்த டாம் என்ற தரத்தில் வகுக்கப்பட்டவை. ஆங்கிலத்தில் 'சிப்ளிங்' என்றால் மூத்தவரா இளையவரா என்று தெரியாது. அதனால் முன்னால் இருப்பவர், அடுத்து இருப்பவர் என்று ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. நம்மிடம் இந்தத் தரத்தை எழுதச் சொல்லியிருந்தால் அண்ணன், தம்பி என்று முடித்திருப்போம். அண்ணனைக் கேட்டால் முந்தைய கணு, தம்பியைக் கேட்டால் அடுத்தது.

இப்போது கதைக்கு வருகிறேன். எங்கள் நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த அறிவிப்பாளர் ஒருவர், 1990களில் கெடா, பேராக் தோட்டங்களுக்குப் போய் வயதானவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தார். மொத்தம் 41 பேர். எல்லாம் கேசட் நாடாக்கள். பிறகு அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஆளுக்கு ஒரு பகுதியாகப் பாட்காஸ்டாக வெளியிட்டார்கள். அதில் 17ஆவது ஆள், 1942-43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு வாலிபனாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். சயாம் மரண ரயில் என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வார்களே, அதுதான். போனவர்களில் திரும்பி வந்தவர். தான் கண்டதைத் தன் வாயால் சொல்லியிருக்கிறார்.

நிலையத்துக்குப் புதிய செயலி வந்தபோது, பழைய ஓடையைப் படித்து அதில் பட்டியலாகக் காட்டும் வேலை வெளியாரிடம் கொடுக்கப்பட்டது. பட்டியல் வந்தது. தலைப்பு, பெயர், ஒலிக்கும் பொத்தான், எல்லாம் அழகாக இருந்தன. சில மாதங்கள் கழித்து சுங்கைப் பட்டாணியிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். 17ஆவது ஆளின் மகள்.

"ஏம்மா, எங்க அப்பா பேரு போட்டிருக்கு. அமுக்கினா வேற யாரோ பேசுறாங்க. அவரு சயாமுக்கே போகலை போல, ஸ்டோருல ஷீட் அடிச்சதைப் பத்திப் பேசுறாரு. எங்க அப்பா பேசினது இருக்கா இல்லையா?"

குரலில் கோபம் இல்லை. பேரப்பிள்ளைகளை உட்கார வைத்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். பேசுவது தாத்தா இல்லை என்று அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் அவர்தான் என்று நம்பிக் கேட்டிருக்கிறார்கள்.

பயிற்சிக்கு வந்திருந்த தம்பி ஒருவரும் நானும் உட்கார்ந்தோம். ஒலிக்கோப்பு மாறிப் போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஓடையைத் திறந்து பார்த்தால் 17ஆவது பகுதிக்குள் சரியான தலைப்பு, அதன் கீழேயே சரியான ஒலி முகவரி. முகவரியைத் தனியாகத் திறந்தால் அந்த அப்பாவின் குரல். ஆக, கோப்பில் குற்றமில்லை. அதைப் படித்த நிரலில்தான் இருக்கிறது.

நிரல் என்ன செய்திருந்தது என்றால், 'கெட் எலிமெண்ட்ஸ் பை டேக் நேம்' என்ற கட்டளையால் கோப்பில் உள்ள தலைப்புகளை எல்லாம் ஒரு பட்டியலாக அள்ளியிருக்கிறது. அதேபோல் ஒலிக்குறிகளை எல்லாம் இன்னொரு பட்டியலாக. பிறகு முதல் தலைப்புக்கு முதல் ஒலி, இரண்டாவதுக்கு இரண்டாவது என்று ஜோடி சேர்த்திருக்கிறது. அந்தக் கட்டளைக்கு உறவு தெரியாது. பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று எந்த ஆழத்தில் இருந்தாலும் அந்தப் பெயர் உள்ள எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்துவிடும். மேலே உள்ள மாதிரியில் தலைப்புகளை எண்ணிப் பாருங்கள். பகுதிகள் இரண்டு, தலைப்புகளோ நான்கு. அலைவரிசைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று சேர்ந்துகொண்டன.

எழுதியவர் இதைக் கவனிக்காமல் இல்லை. இரண்டைக் கழித்துவிட்டு ஜோடி சேர்த்திருக்கிறார். முதல் ஐந்தாறு பகுதிகளைப் போட்டுப் பார்த்திருப்பார், சரியாக இருந்திருக்கும். ஒன்பதாவது வரை சரிதான். பத்தாவது பகுதியில் தலைப்பு இருக்கிறது, ஒலிக்குறி இல்லை. அந்த நாடா ஈரத்தில் கெட்டுப்போய், கணினிக்கு மாற்ற முடியாமல், பெயரையும் விளக்கத்தையும் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். பட்டியலில் 41 தலைப்பு, 40 ஒலி. பத்தாவது தலைப்புக்குப் பதினோராவது ஆளின் குரல் போய்விட்டது. அதிலிருந்து கடைசி வரை எல்லாருக்கும் அடுத்த வீட்டுக் குரல். கடைசித் தலைப்புக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதைப் பார்த்தவர்கள் கடைசிக் கோப்புதான் தொலைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

நம் அடையாள அட்டையில் பெயருக்கு நடுவே 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பதன் சுருக்கம் வருகிறதே, இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று, அது எதற்கு என்று எனக்கு இந்த நிரலைப் பார்த்த அன்றுதான் உறைத்தது. கிள்ளான் பொது மருத்துவமனையில் போய் "முருகன்" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். அப்பா பெயரும் சேர்த்துக் கூப்பிட்டால் ஒருவர் எழுந்து வருவார். அந்தக் கட்டளை "முருகன்" என்று மட்டும் கூப்பிட்டுவிட்டது.

சரியான வழி எளிமையானது. முதலில் பகுதிகளை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் நின்று, உன் பிள்ளைகளில் தலைப்பு யார், ஒலி யார் என்று கேட்க வேண்டும். ஒலி இல்லை என்றால், இந்த வீட்டில் ஒலி இல்லை என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஒரு வீட்டின் குறை அடுத்த வீட்டைத் தொடாது.

தம்பி உற்சாகமாக எழுத ஆரம்பித்தார். பகுதியின் 'சைல்டு நோட்ஸ்' பட்டியலில் முதல் பிள்ளை தலைப்பு, இரண்டாவது ஒலி. கணினி சுழியத்திலிருந்து எண்ணும் என்பதால் 0, 1. ஓட்டினார். தலைப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறுமையாக வந்தது.

"அக்கா, பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டா அஞ்சுன்னு சொல்லுது. ரெண்டுதானே இருக்கு?"

எக்ஸ்எம்எல்லில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் படி இது. மாதிரியை மறுபடி பாருங்கள். படிக்க வசதியாக ஒவ்வொரு குறியையும் புதிய வரியில், சற்று உள்ளே தள்ளி எழுதியிருக்கிறது. நம் கண்ணுக்கு அது ஒன்றுமில்லாத இடம். கோப்பைப் படிக்கும் கருவிக்கு அது எழுத்து. வரி முறிவும் இடைவெளியும் சேர்ந்த ஒரு எழுத்துக் கணு. ஆக, 'பகுதி' திறந்ததும் ஒரு வெற்றிடம், பிறகு தலைப்பு, ஒரு வெற்றிடம், ஒலி, மறுபடி ஒரு வெற்றிடம். மொத்தம் ஐந்து. முதல் பிள்ளை யார் என்றால் வெற்றிடம்தான்.

வானொலியில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பேட்டியில் ஒருவர் மூன்று விநாடி பேசாமல் இருந்தால் அந்த மூன்று விநாடியும் நாடாவில் இடம் பிடிக்கிறது. வெட்டுவதா வைப்பதா என்று நாம் முடிவு செய்ய வேண்டும். அந்தத் தோட்டத்துப் பேட்டிகளில் சிலருடைய மௌனங்களை அண்ணன், அதாவது எங்கள் மூத்த அறிவிப்பாளர், தொடவே இல்லை. எக்ஸ்எம்எல்லும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. வெற்றிடம் முக்கியமா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லாமல் நம் கையில் கொடுத்துவிடுகிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால், இதனால் வரும் தொல்லைக்கு அளவில்லை. ஒரே வரியில் நெருக்கி எழுதிய கோப்பில் நன்றாக ஓடிய நிரல், யாராவது நல்ல எண்ணத்தில் வரி பிரித்து அழகுபடுத்தினால் மறுநாள் படுத்துவிடும். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லையே என்று சத்தியம் செய்வார்கள். உண்மைதான், கண்ணுக்குத் தெரியும் எழுத்தை மாற்றவில்லை.

ஒரு காலத்தில் இது இன்னும் மோசமாக இருந்தது. மைக்ரோசாஃப்டின் பழைய எக்ஸ்எம்எல் கருவி, நாம் தனியாகச் சொன்னால் ஒழிய, இந்த வெற்றிடங்களைத் தானாகவே உதறிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் போன்றவை வைத்துக்கொள்ளும். ஒரே கோப்பு, ஒரே நிரல், ஒரு கணினியில் முதல் பிள்ளை தலைப்பு, பக்கத்துக் கணினியில் முதல் பிள்ளை வெற்றிடம். இந்தத் தலைவலிக்கு 2008 டிசம்பரில் ஒரு தீர்வு தரமாக வந்தது. 'ஃபர்ஸ்ட் எலிமெண்ட் சைல்டு', 'நெக்ஸ்ட் எலிமெண்ட் சிப்ளிங்' என்று கேட்டால் வெற்றிடங்களைத் தாண்டி, உண்மையான குறிகளை மட்டும் தரும். 'சைல்டு நோட்ஸ்' என்பதற்குப் பதில் 'சில்ட்ரன்' என்று கேட்டாலும் அப்படியே. தம்பி அந்த ஒரு சொல்லை மாற்றியதும் ஐந்து இரண்டானது.

பழைய நிரல்களைப் பராமரிப்பவர்கள் இன்னொரு வழியையும் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு கணுவுக்கும் 'நோட் டைப்' என்று ஒரு எண் உண்டு. குறியென்றால் 1, எழுத்தென்றால் 3, நிரலாளர் எழுதிவைத்த குறிப்பென்றால் 8. சுற்றிவரும்போது 1 இல்லாதவற்றைத் தள்ளிவிட்டுப் போகலாம். பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அதனுடன் வரும் எலிமெண்ட் ட்ரீ என்ற நூலகத்தில் வெற்றிடங்கள் பிள்ளைகளாகவே வருவதில்லை.

ஆனாலும் தம்பியை நான் அங்கே விடவில்லை. முதல் பிள்ளை தலைப்பு, இரண்டாவது ஒலி என்று வரிசையை நம்புவதே எனக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கு யாராவது தலைப்புக்கு முன்னால் தேதியைச் சேர்த்தால் தேதி தலைப்பாகிவிடும். பந்தியில் உட்கார்ந்த வரிசையை வைத்து ஆளை அடையாளம் காண்பது மாதிரி. பிள்ளைகளைச் சுற்றிவந்து ஒவ்வொன்றிடமும் உன் பெயர் என்ன என்று கேட்டு, 'தலைப்பு' என்றால் இங்கே, 'ஒலி' என்றால் அங்கே என்று பிரிப்பதுதான் நல்லது. நாலு வரி கூடுதலாக எழுத வேண்டும், அவ்வளவுதான்.

விளக்கத்தை எடுக்கும்போதும் இதே எச்சரிக்கை. அதன் முதல் பிள்ளையின் மதிப்பு என்று கேட்டால் சில பகுதிகளுக்கு வெறுமை வந்தது. அந்த விளக்கங்கள் 'சிடேட்டா' என்ற சிறப்பு உறைக்குள் இருந்தன. உறைக்கு முன் ஒரு வரி முறிவு இருந்ததால் அதுவே முதல் பிள்ளையாகிவிட்டது. 'டெக்ஸ்ட் கண்டெண்ட்' என்று கேட்டால் உள்ளே இருக்கும் எல்லா எழுத்தும் சேர்ந்து வரும். முன்பின் இடைவெளியை வெட்டிவிட்டால் போதும்.

கடைசியாக ஒரு வேடிக்கை. புதிய பட்டியலைக் காட்டுவதற்கு முன் திரையில் இருந்த பழைய வரிகளை நீக்க வேண்டும். தம்பி முதல் பிள்ளையிலிருந்து வரிசையாக நீக்கினார். பாதிதான் போயிற்று. காரணம், அந்தப் பிள்ளைகளின் பட்டியல் உயிருள்ளது. ஒன்றை நீக்கியதுமே மற்றவை ஓரிடம் முன்னால் நகர்ந்துவிடும். வங்கி வரிசையில் முதல் ஆளை அனுப்பிவிட்டு "அடுத்து இரண்டாவது இடத்தில் நிற்பவர்" என்று கூப்பிட்டால், முன்னால் நகர்ந்து வந்தவர் விடுபட்டுப் போவார் இல்லையா, அதே கதை. கடைசியிலிருந்து நீக்கலாம்; அல்லது முதல் பிள்ளை என்று ஒன்று இருக்கும்வரை அதையே நீக்கிக்கொண்டிருக்கலாம்.

நிரல் முடிந்தது. சரியாகிவிட்டது என்று யார் சொல்வது? முன்பும் முதல் சில பகுதிகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றிருந்தார்கள். 40 பகுதிகளையும் கேட்பது என்று முடிவு செய்தோம். முழுவதும் இல்லை, முதல் நிமிடம் மட்டும். மூத்த அறிவிப்பாளர் அந்தக் காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். பேச வந்த ஒவ்வொருவரையும் தன் பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தின் பெயர், எத்தனையாவது லயத்தில் இருந்தார் என்பதைச் சொல்லித் தொடங்க வைத்திருந்தார். ஆகவே குரலே தன்னை யார் வீட்டுப் பிள்ளை என்று அறிவித்தது. தம்பி திரையில் தலைப்பைப் படிப்பார், நான் காதில் பெயரைக் கேட்பேன், ஒத்துப்போனால் கோடு போடுவோம். இரண்டு மாலை ஆயிற்று. தம்பி கிள்ளானில் அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். லயம் என்றால் என்ன என்று ஐந்தாவது குரலில் கேட்டார். பதினேழாவது குரல் முடிந்தபிறகு நிமிடத்தைத் தாண்டியும் அவர் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

சுங்கைப் பட்டாணி அம்மாவை அழைத்துச் சொன்னேன். செயலியைத் திறந்து அமுக்கச் சொன்னேன். எங்கள் அழைப்பு இணைப்பிலேயே இருக்க, பக்கத்தில் வேறொரு கைப்பேசியில் அவருடைய அப்பா தன் தகப்பனார் பெயரைச் சொல்வது எனக்கும் கேட்டது. அம்மா பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் கூப்புடுறேம்மா" என்று வைத்துவிட்டார்.

பத்தாவது பகுதி மட்டும் பாக்கி இருந்தது. பெயர் இருக்கிறது, குரல் இல்லை. இத்தனை மாதமும் அந்தப் பெயரின் கீழ் பதினோராவது ஆள் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பத்தாவது ஆளின் குடும்பத்தில் யாராவது கேட்டு, இதுதான் எங்கள் தாத்தா என்று நம்பி, பதிவு செய்துகூட வைத்திருக்கலாம்.

"ஒலி இல்லாததை எடுத்திடவாக்கா? பட்டியல் சுத்தமா இருக்கும்" என்றார் தம்பி.

வேண்டாம் என்றேன். இப்போது அந்தப் பகுதியைத் தொட்டால் 'ஒலிப்பதிவு கிடைக்கவில்லை' என்று வரும். மூத்த அறிவிப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆளை அவருக்கு நினைவிருந்தது. அன்றைக்கு அவர் என்ன பேசினார் என்று நினைவில் இருந்ததைக் கையாலேயே அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தார். அதைத் தட்டச்சு செய்து, பத்தாவது பகுதியின் 'விளக்கம்' என்ற பிள்ளைக்குள் சேர்த்திருக்கிறோம். அந்தக் குடும்பத்திலிருந்து இதுவரை யாரும் அழைக்கவில்லை.